கடலடியில ஒண்டும் இல்லை எண்டு சொல்லுற ஆக்களுக்கு

போன கிழமை ஒபிஸில மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆழ்கடல்ல கனிமம் எடுக்கிற கதை வந்தது. பக்கத்து மேசை அண்ணை கேட்டார், "பிள்ளை, 3000 மீட்டருக்குக் கீழ சேறும் இருட்டும் தானே, கிண்டினா ஆருக்கு என்ன நட்டம்?" நல்ல மனிசன், உண்மையாவே அப்பிடித்தான் நினைக்கிறார், அவர் மட்டும் இல்லை கனபேர் அப்பிடித்தான். எனக்கு அந்த நேரத்துக்குள்ள சொல்லி முடிக்க ஏலாமப் போச்சு, அதால இஞ்ச எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியுங்கோ.

எங்கட வீட்டில, வெள்ளவத்தை மார்க்கெட்டில பேய்க்கணவாய், அதான் ஒக்டோபஸ், கண்டா அம்மா விடமாட்டா. மீன்காரரிட்ட பூவல்லா எண்டு கேட்டாத்தான் விளங்கும். துப்பரவாக்கிறது என்ர வேலை. தலையை உட்பக்கம் வெளிய வரப் பிரட்டி எடுக்கேக்க மைப்பை உடைஞ்சுதெண்டா சிங்க் முழுக்கக் கறுப்பு, விரல் இடுக்கெல்லாம் கறுப்பு, சவுக்காரம் போட்டும் லேசில போகாது. தோலைக் கிட்டப் பிடிச்சுப் பாத்தா பொடிப்பொடியா மண்ணிறப் புள்ளி இருக்கும், உயிரோட இருக்கேக்க அதுகளை விரிச்சும் சுருக்கியும்தான் நிறம் மாத்துறது. பிறகு அந்தப் பெரிய கண். மை, நிறம், கண், கரையோரத்துப் பேய்க்கணவாய் தப்பிப் பிழைக்கிறதே இந்த மூண்டாலதான்.

இந்த மூண்டையும் விட்டிட்டு வாழுற ஒரு பேய்க்கணவாய் இருக்கு. வல்கனொக்டோபஸ் ஹைட்ரோதெர்மாலிஸ் எண்டு 1998ல பேர் வச்சவை. மெக்சிகோவுக்கு அங்கால கிழக்குப் பசிபிக் மலைத்தொடர்ல, 2600 மீட்டர் ஆழத்தில, வெந்நீர் ஊத்துகளுக்குப் பக்கத்தில சீவிக்கிற ஒண்டு. மைப்பை இல்லை, கும்மிருட்டில மையைக் கக்கி ஆரை ஏமாத்துறது? தோல் வெளிறிப்போய், உள்ளுறுப்பே தெரியிற மாதிரி. கண் இருக்கு, ஆனா நீர்மூழ்கி லைட்டை மூஞ்சைக்கு நேர அடிச்சாலும் அசையாது. முன்கையால தடவித் தடவிப் பாக்கும், பின்கையால ஊர்ந்து போகும். கண் தெரியாத ஆக்கள் விரலால வாசிக்கிறமாதிரி அது கையாலயே முழு ஊரையும் வாசிக்குது எண்டு நான் நினைக்கிறன்.

அந்த ஊர் எப்பிடி வந்தது எண்டா, கடல் தண்ணி வெடிப்புகளுக்கால இறங்கி, கீழ எரியிற பாறைக் குழம்பிட்ட சூடாகி, கந்தகமும் உலோகமும் கரைச்சுக்கொண்டு திரும்பி மேல வருது. 350 பாகைக்கு மேலயும் போகும், ஆனா கொதிக்காது, மேல இருக்கிற அவ்வளவு தண்ணியின்ர அமுக்கம் கொதிக்க விடாது. 2 பாகைக் குளிர்த் தண்ணியில பட்டவுடன உலோகம் கரும்புகை மாதிரிப் படிஞ்சு படிஞ்சு புகைக்கூடு கட்டுது. செம்பு, துத்தநாகம், தங்கம் எண்டு ஆக்கள் கண் வச்சிருக்கிறதும் இந்தப் புகைக்கூட்டிலதான். அதே ஊத்தில வாற, கூழ்முட்டை நாத்தம் அடிக்கிற ஐதரசன் சல்பைட்டை வச்சு பக்டீரியா சாப்பாடு செய்யுது, வெயில் தேவையில்லை. 1977ல கலாபகோஸ் பக்கம் அல்வின் நீர்மூழ்கியில போன ஆக்கள் இதைக் காணும்வரைக்கும் இப்பிடி ஒரு உலகம் இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆள் உயரத்துக்கு மேல வளருற குழாய்ப்புழு இருக்கு, அதுக்கு வாயும் இல்லை குடலும் இல்லை, உடம்புக்குள்ள இருக்கிற பக்டீரியாவே அதுக்குச் சோறு போடுது. அந்தப் புழுப் பத்தைக்குள்ளதான் நான் சொன்ன பேய்க்கணவாய் கைவிட்டுத் துழாவி இறால் சாதிச் சின்னப் பூச்சியளைப் பிடிச்சுத் தின்னுறது. சுடுதண்ணிக்குள்ள அது இல்லை, பிழையா விளங்காதேங்கோ. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில இருக்கிற அந்தச் சின்ன ஓரத்திலதான் எல்லாச் சீவியமும்.

அடுத்தது என்னை நித்திரை கொள்ள விடாத கதை. கலிபோர்னியாவுக்கு அங்கால டேவிட்சன் எண்டு கடலுக்கடி மலை. 2018ல அதின்ர அடிவாரத்தில, 3200 மீட்டரில, ஆயிரக்கணக்கில தாய்ப் பேய்க்கணவாய்கள் முட்டையை அணைச்சுக்கொண்டு தலைகீழாக் குந்தியிருக்கிறதைக் கண்டுபிடிச்சவை. சுத்திவரத் தண்ணி 1.6 பாகை, ஆனா அதுகள் இருக்கிற வெடிப்புக்குள்ள இளஞ்சூட்டுத் தண்ணி கசியுது, 11 பாகை வரைக்கும் போகும். அந்தக் குளிரில முட்டை பொரிக்க 5 வருசத்துக்கு மேல எடுக்கும் எண்டு கணக்குப் பாத்தவை, இஞ்ச 2 வருசத்துக்குள்ள பொரிக்குது. அவ்வளவு நாளும் தாய் தின்னாது, குஞ்சு வெளிய வர செத்துப்போகும். குஞ்சுக்கு ஆபத்து வாற காலத்தைக் குறைக்கத்தான் அந்தச் சூடு. எங்கட அம்மம்மா குஞ்சு பொரிக்க வைக்கிற கோழிக்கு வைக்கோல் போட்டு மூலையில இடம் பாத்துக் குடுப்பா, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது.

இப்ப கொஸ்தரிக்காக் கதையைக் கேளுங்கோ. டொராடோ எண்ட பாறையில 2013லயே இதுமாதிரித் தாய்களைக் கண்டவை, முட்டை ஒண்டும் வளருறமாதிரித் தெரியேல்லை, இது உருப்படாத இடம், தப்பா வந்து குந்தியிருக்குதுகள் எண்டு படிச்ச ஆக்களே எழுதினவை. 2023ல திரும்பப் போய்ப் பாத்தா குஞ்சு பொரிச்சு நீந்துது. நேரில போய்ப் பாத்த விஞ்ஞானியளுக்கே 10 வருசம் எடுத்தது அண்ணை, நீங்கள் ஒபிஸ் மேசையில இருந்து ஒண்டும் இல்லை எண்டு சொன்னா நான் என்னத்தைச் சொல்லுறது?

இது தூரத்துக் கதையும் இல்லை. எங்கட இந்து சமுத்திரத்திலயும் இப்பிடி ஊத்து இருக்கு. 2001ல கைரேய் எண்ட ஊத்தடியில ஒரு நத்தையைக் கண்டவை, கால் முழுக்க இரும்புச் சல்பைட்டுச் செதில், கவசம் போட்டமாதிரி. 2019ல அதை அழியிற ஆபத்தில இருக்கெண்டு சிவப்புப் பட்டியல்ல சேத்தவை, காரணம் ஆழ்கடல் சுரங்கம். இந்தச் சமுத்திரத்தின்ர சல்பைட்டுப் படிவை, அதான் முதல் சொன்ன புகைக்கூட்டு உலோகத்தை, தேடிப் பாக்கிறதுக்கு சீனா, கொரியா, ஜேர்மனி, இந்தியா நாலுமே சர்வதேச கடற்படுகை அதிகாரசபையோட ஒப்பந்தம் வச்சிருக்கு, இந்தியா முதல்தரம் கையெழுத்துப் போட்டது 2016ல. இப்ப தேடுறது மட்டும்தான், தோண்டத் தொடங்கேல்லை. அதாலதான் இப்பவே கதைக்கவேணும் எண்டுறன். செத்த ஊத்து வேற, உயிரோட சூடு கக்கிற ஊத்து வேற, உயிரோட இருக்கிறதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது, அதில எனக்கு ரெண்டாம் பேச்சு இல்லை.

எங்கட பக்கத்து அஃபனாசி நிகிதின் கடல்மலையை எடுங்கோ. அது வெந்நீர் ஊத்து இல்லை, கோபால்ட் படிஞ்ச மலை. அதைப் பற்றி நான் வாசிச்ச செய்தியெல்லாம் இலங்கைக்கா இந்தியாவுக்கா எண்டுதான் இருந்தது. அங்க என்னென்ன சீவிக்குது, எது எங்க முட்டை வைக்குது எண்டு ஒரு வரி ஒருத்தரும் எழுதி நான் பாக்கேல்லை. கொழும்பில கடல் உயிரியல் படிச்ச பிள்ளையள் இருக்கினம், தமிழில எழுதக்கூடிய ஆக்களும் இருக்கினம், தெரிஞ்சவை தயவுசெய்து எழுதுங்கோ, நான் எல்லாக் குறூப்பிலயும் பகிருறன். அண்ணைக்கு டேவிட்சன் மலை வீடியோவை அனுப்பியிருக்கிறன், திங்கக்கிழமை பாத்திட்டு வந்து கதைக்கிறன் எண்டிருக்கிறார்.