நீண்ட நூல் மாதிரி தெரிவது புதுக் கிருமி இல்லை

ஒருவர், சிறுநீர்த் தொற்று மாதிரியின் மைக்ரோஸ்கோப் படத்தைப் போட்டு, அதில் நூல் போல நீண்டு தெரிவது மரபணு மாறி உருவான புதுக் கிருமி என்று எழுதியிருக்கிறார், அதைப் பலரும் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அது பெரும்பாலும் அதே பழைய ஈ.கோலைதான் (சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமான காரணமான பாக்டீரியா), வடிவம் மட்டும் தற்காலிகமாக மாறியிருக்கிறது.

சாதாரணமாக இரண்டு மைக்ரோமீட்டர் நீளக் குச்சி அது. சிறுநீர்ப்பைச் செல்லுக்குள் நுழைந்து பெருகும்போது சிலவற்றில் சுலா என்ற புரதம், செல்லை இரண்டாகப் பிரிக்கும் எஃப்டிஎஸ்இசட் வளையம் உருவாகாமல் தடுத்துவிடும். கிருமியின் உடல் வளர்கிறது, பிரிவதில்லை. அதனால் நீண்டுகொண்டே போய் 50 மைக்ரோமீட்டரைக்கூடத் தாண்டும். இவ்வளவு நீளமானதை நம் வெள்ளை அணுக்களால் எளிதில் விழுங்க முடியாது (கிருமிக்கு அது லாபம்). அப்புறம் தடை நீங்கியதும் துண்டு துண்டாகப் பிரிந்து மறுபடி குச்சியாகிவிடும். சில ஆன்டிபயாட்டிக்குகள் பட்டாலும் இப்படி நீளும்.

சரிபார்க்க வேண்டுமா? பிளாஸ் மெடிசின் இதழில் 2007இல், தொற்று வந்த பெண்களின் சிறுநீரில் இந்த இழைகளைப் பார்த்த ஆய்வு வந்தது, காசில்லாமல் படிக்கலாம், படங்களும் உண்டு. ஆய்வக வசதி இருப்பவர்கள் அந்த மாதிரியை ஆன்டிபயாட்டிக் கலக்காத வளர்ப்புத் தட்டில் வளர்த்து, மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், குட்டைக் குச்சிகள்தான் தெரியும்.