60 வயதுக்கு மேல் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடையாதா?

"60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள் மட்டுமே, அவர்களுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தர மாட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

இங்கே இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 வயதை மட்டுமே பார்க்கிறது: 60 நிறைந்தால் மூத்த குடிமகன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபாட்டைப் பார்க்கிறது. அதற்கு வயது உச்சவரம்பே இல்லை. ஒருவரே இரண்டிலும் வரலாம்.

முதுமையில் வந்த குறைபாடு என்பதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. 2016 சட்டத்தின் அட்டவணையில் உள்ள 21 குறைபாட்டு வகைகளில், பெரும்பாலும் முதுமையில் வரும் பார்க்கின்சன் நோயும் (நடுக்கம் தரும் நரம்பு நோய்) இருக்கிறது. செவித்திறனுக்கு அளவுகோல் டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு): இரு காதுகளிலும் 60 முதல் 70 வரை இழப்பு இருந்தால் 'கேட்கும் திறன் குறைந்தவர்'. பிறவியிலா, 75 வயதிலா என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால், வயதானாலே சான்றிதழ் கிடைத்துவிடும் என்பதும் சரியல்ல. மருத்துவப் பரிசோதனை கட்டாயம். பல சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு தேவை.

மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்தில் 2016 சட்டத்தின் பிரிவு 2-ஐயும் அட்டவணையையும் நீங்களே படிக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

இந்த வதந்தியை நம்பி, காது கேளாத ஒரு பாட்டி விண்ணப்பிக்காமலே இருந்துவிடக்கூடும் என்பதுதான் என் கவலை. தயவுசெய்து இதை இனிப் பகிராதீர்கள்; அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.