பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் புகார் கொடுக்கக் கூடாதா?

“புருஷன் பெண்டாட்டி சண்டையில் மூன்றாம் ஆள் புகார் கொடுத்தால் அவர் மேலேயே கேஸ் பாயும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. குடும்ப வன்முறைச் சட்டம், 2005, பிரிவு 4 சொல்வது நேர்மாறாக இருக்கிறது: வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டப்படி அரசு நியமிக்கும் அதிகாரி) தகவல் கொடுக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் வராது. மத்திய அரசின் சட்டங்கள் இருக்கும் இந்தியா கோட் தளத்தில் நீங்களே படித்துப் பார்க்கலாம்.

வீடு கணவர் பெயரில் இருந்தால் மனைவி வெளியேற வேண்டும் என்ற அடுத்த வரியும் பொய்தான், பிரிவு 17 பாருங்கள். அப்புறம், அடி மட்டுமல்ல, சம்பளத்தைப் பிடுங்குவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான்.

சரி, சத்தம் கேட்டால்? பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். முடிந்தால் முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாக, கணவர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.