பாட்டெழுதியவர் பெயருக்கு மூன்று மதிப்பெண்

இரவு ஒன்பதரை ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ துணுக்கு வந்து விழும். ஏழு விநாடி இருக்கும், மிஞ்சிப்போனால் பத்து. பல்லவி இருக்காது, பாடுகிற குரல் இருக்காது. இன்டர்லூடில், அதாவது பாட்டின் இடையிசையில், எங்கோ நடுவில் இருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு. அதைக் கேட்டுவிட்டு என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும்.

2020 ஊரடங்கில் நாலு பேராக ஆரம்பித்தோம். இப்போது பதினேழு பேர். திருச்சியில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற சார் ஒருவர், மட்டக்களப்பில் ஆசிரியையாக இருக்கும் அக்கா, தோஹாவில் லாரி ஓட்டும் தம்பி, கோவையில் பல் மருத்துவம் படிக்கும் பெண். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்கு எதில் காது கூர்மை என்று நன்றாகத் தெரியும். சாருக்கு டி.எம்.எஸ்., சுசீலா காலம் தண்ணீர் பட்ட பாடு. தம்பிக்குத் தாளம். தபலாவா, டோலக்கா, ரிதம் பாக்ஸா என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவான்.

ஒரு நாள் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்தின் 'பருவமே புதிய பாடல் பாடு' பாட்டில் வருகிற காலடித் தாளத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தேன். வயலின் கிடையாது, குரல் கிடையாது, ஆள் ஓடுகிற ஓட்டம் மட்டும்தான். பத்து நிமிடம் குழுவில் சத்தமே இல்லை. அப்புறம் தம்பியிடம் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. வண்டியை ஓரங்கட்டியிருந்தான் போல, பின்னால் இன்ஜின் உறுமுகிறது. "அண்ணா, இது மழைக்கால விடியற்காலைல ஓடற சத்தம்ணா. சுகாசினி, மோகன்." பாட்டின் பெயரை அவன் சொல்லவே இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த விளையாட்டை எப்படி ஆடவேண்டும் என்று எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கிறது. பல நாளாக மனதில் கிடப்பதை இன்று எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நாங்களும் எல்லாரையும் போலத்தான் ஆடினோம். யார் முதலில் சொல்கிறாரோ அவருக்குப் பத்து மதிப்பெண், மற்றவர்களுக்குச் சுழி. இப்படி ஆடினால் என்ன ஆகும் என்றால், கை வேகமாக ஓடுகிற மூன்று பேர் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள், மிச்சப் பேர் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். சாருக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. பாட்டு அவருக்கு உடனே தெரிந்துவிடும், தமிழில் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் நாலு பேர் பதில் போட்டிருப்பார்கள். ஒரு மாதம் அவர் பக்கத்தில் இருந்து பதிலே வரவில்லை. குரல் அடையாளம் சொல்வதில் எங்களில் முதல் ஆள் அவர்தான், அவரையே விளையாட்டு வெளியே தள்ளிவிட்டது.

அடுத்து வந்தது செயலித் தொல்லை. பாட்டைக் காதில் வாங்கி அடுத்த நொடி பெயரைச் சொல்லிவிடுகிற செயலிகள் இப்போது எல்லார் கைபேசியிலும் இருக்கின்றன. முனகினால்கூடக் கண்டுபிடித்துக் கொடுக்கின்றன. ஒருநாள் 'பச்சை நிறமே' பாட்டில் இருந்து ஒரு துண்டு போட்டபோது, ஒரு நண்பர் பத்தே விநாடியில் படத்தின் பெயர் 'சகி' என்று பதில் போட்டார். 'சகி' என்பது 'அலைபாயுதே' படத்தின் தெலுங்கு டப்பிங் பெயர். தமிழ் தவிர வேறு மொழிப் படமே பார்க்காத மனிதர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரே அன்று இரவு என்னை அழைத்து வருத்தப்பட்டார். "ஒருதரமாவது முதல்ல வரணும்னு ஆசைப்பட்டேங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. விதியை அப்படி வைத்த எங்கள்மேல்தான் வந்தது.

ஒரு பாட்டு நினைவுக்கு வருவதற்கு முன்னால் தொண்டைக்குழியில் நிற்கிறதே, அந்த நேரம்தான் இந்த விளையாட்டு. சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் புல்லாங்குழல் துண்டு தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடும். எந்தப் படம், எந்த வருடம், யார் வீட்டு ரேடியோவில் கேட்டோம் என்று எங்கெங்கோ போய்வருவோம். கடைசியில் பல்லவி தானாக வந்து வாயில் உட்காரும். அந்த அரைமணி நேரத்தைச் செயலிக்குக் கொடுத்துவிட்டு ஆடுவதில் என்ன இருக்கிறது?

சரி, விதியை மாற்றினோம். இப்போது பதிலைக் குழுவில் போடக்கூடாது, கேள்வி போட்டவருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். மறுநாள் இரவு ஒன்பது வரை நேரம் உண்டு. தட்டச்சு வராதவர்கள் பேசி அனுப்பலாம், பாடியும் அனுப்பலாம். மதிப்பெண்ணையும் பிரித்தோம். பாட்டுக்கு 2, படத்துக்கு 2, பாடியவருக்கு 3, எழுதியவருக்கு 3. சார் மறுவாரமே திரும்பி வந்துவிட்டார்.

இந்த 3 ஏன், 2 ஏன் என்று கேட்டு முதலில் பெரிய சண்டை நடந்தது. கோவைப் பெண் நேராகவே கேட்டாள். "பாட்டு பிடிச்சிருந்தா போதாதா அண்ணா? யார் எழுதினா என்ன?" நியாயமான கேள்விதான். அவள் பாட்டுக் கேட்பது ஒரு செயலியில். அதில் இளையராஜா பெயர் இருக்கும், சில சமயம் பாடகர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயரைப் பார்க்க நாலு இடத்தில் தொட்டு உள்ளே போக வேண்டும், போனாலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜென்சி பாடிய ஒரு பாட்டுக்கு ஜானகி பெயர் போட்டிருந்ததை நானே பார்த்தேன். அந்தக் காலமும் ரொம்ப ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்து அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினால், உள்ளே வைத்த தாளில் பாட்டின் முதல் வரி மட்டும்தான் இருக்கும். படத்தின் டைட்டிலில் எல்லாப் பாடகர் பெயரும் ஒரே கார்டில் மொத்தமாக வந்து போகும், எது யார் பாடியது என்று தெரியாது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வாங்கி வைத்தவர்களுக்குத்தான் சரியான விவரம் தெரிந்தது. பெயர்கள் இப்படித்தான் தொலைந்தன. எங்களைப் போன்ற ரசிகர்கள் கூடி ஆடுகிற இடத்தில்தான் அவற்றை மீட்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

என் அப்பாவுக்குக் கருப்பு வெள்ளைப் பாட்டு என்றால் எழுதியவர் கண்ணதாசன்தான். 'அந்த நாள் ஞாபகம்' ரேடியோவில் வந்தால் சாப்பிடுகிற கை நிற்கும். "கண்ணதாசன் கண்ணதாசன்தான்" என்பார். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். இந்தக் குழுவில்தான் சார் சொன்னார், 'அந்த நாள் ஞாபகம்' உட்பட 1968-இல் வந்த 'உயர்ந்த மனிதன்' பாட்டுகள் வாலி எழுதியவை என்று. 'மாதவிப் பொன்மயிலாள்' வாலி. 'தரைமேல் பிறக்க வைத்தான்' வாலி. 'நான் ஆணையிட்டால்' வாலி. அன்று ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன். கண்ணதாசன் எழுதினார் என்று சொல்லப்படுவது எந்தக் கவிஞருக்கும் பெருமைதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வரி வாலியின் வரி. அதை வாலி பெயரிலேயே சொல்ல வேண்டும்.

கங்கை அமரன் கதையும் இதேதான். அவரைப் படம் எடுத்தவராக, மேடையில் கலகலப்பாகப் பேசுபவராகத் தெரியும். 'செந்தூரப் பூவே' அவர் எழுதியது என்று சொன்னபோது எங்களில் ஆறு பேர் நம்பவில்லை. '16 வயதினிலே' படத்தின் அந்தப் பாட்டுக்குத்தான் எஸ். ஜானகிக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. 'என் இனிய பொன் நிலாவே' கங்கை அமரன் எழுதியது. 'புத்தம் புதுக் காலை' அவர் எழுதியது. அந்தக் கடைசிப் பாட்டு 'அலைகள் ஓய்வதில்லை' இசைத்தட்டில் இருந்தது, படத்தில் இல்லை. அந்தப் படத்தில் ஒரு காட்சிகூட இல்லாமல் இத்தனை வருடமாக இத்தனை பேர் வாயில் ஒரு பாட்டு இருக்கிறது என்றால், அதை எழுதியவர் பெயர் ஒருதரமாவது நம் வாயில் வரவேண்டாமா?

இதுவரை குழுவில் அதிகமாக விவாதம் நடந்தது 'சங்கத்தில் பாடாத கவிதை'க்குத்தான். கேள்வி போட்டது சார். இசை யார் என்று மட்டும்தான் கேட்டார். 1982-இல் வந்த 'ஆட்டோ ராஜா' படத்துக்கு இசை சங்கர்-கணேஷ். அது தெரிந்தவர்கள் சங்கர்-கணேஷ் என்று உறுதியாக அனுப்பினார்கள். படமே தெரியாதவர்கள் காதால் கேட்டு இளையராஜா என்றார்கள். படத்தில் அந்த ஒரு பாட்டு மட்டும் இளையராஜா இசை, ஜானகியோடு சேர்ந்து பாடியதும் அவரே. தெரியாதவர்கள் ஜெயித்த நாள் அது. சங்கர்-கணேஷ் என்று அனுப்பிய ஒரு நண்பர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்போது அவர் மனைவி அவருடைய கைபேசியை வாங்கி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அவர் பாலக்காட்டுக்காரர். அதே மெட்டில் 'தும்பி வா' என்று ஒரு பல்லவி முழுவதும் பாடியிருந்தார். பாலு மகேந்திரா மலையாளத்தில் எடுத்த 'ஓளங்கள்' படத்தில் ஜானகி பாடிய பாட்டு அது. அதுவும் 1982தான். பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது. "இது எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும், இளையராஜா சார் பாட்டு" என்று முடித்தார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து அவரும் குழுவில் இருக்கிறார்.

மட்டக்களப்பு அக்காவுக்கு இந்த விளையாட்டெல்லாம் புதிதில்லை. இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர். அதையே அப்துல் ஹமீது பின்னாளில் சன் டிவியில் நடத்தியபோதுதான் நம்மில் பல பேர் பார்த்தோம். ஒரு எழுத்தைக் கொடுத்தவுடன் பாட்டின் முதல் வரியைத் தொடங்க வேண்டும். திணறுகிறவரைக்கூட அவர் மரியாதை குறையாமல் அனுப்பிவைப்பார். எங்கள் குழுவில் யாராவது தவறான பதில் அனுப்பினால் அக்கா "பிழை" என்று ஒற்றைச் சொல்லில் எழுதமாட்டார். "அந்தப் பாட்டும் நல்ல பாட்டுத்தான், ஆனா இது வேற" என்பார். கேள்வி நடத்துகிறவர்கள் அவரிடம் படிக்க வேண்டும்.

2024 தொடக்கத்தில் ஒரு வாரம் குரல் வாரம் என்று வைத்தோம். பாட்டு என்னவென்று தெரியும்படி ஒரு வரி போடுவோம், யார் குரல் என்று மட்டும் சொல்ல வேண்டும். 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தின் 'ஆனந்த ராகம் கேட்கும் காலம்' போட்டேன். பதினோரு பேர் பதில் அனுப்பினார்கள். ஆறு பேர் ஜானகி என்றார்கள், இரண்டு பேர் ஜென்சி. உமா ரமணன் என்று சொன்னது மூன்றே பேர்.

மே 1 அன்று உமா ரமணன் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அன்று கேள்வி போட வேண்டியது கோவைப் பெண். யார் எழுதினா என்ன என்று கேட்டவள். "இன்னிக்கு மதிப்பெண் வேண்டாம் அண்ணா" என்று மட்டும் எனக்கு எழுதினாள். ஒன்பதரைக்கு வரிசையாகத் துணுக்குகள் வந்தன. வெட்டாமல் குரலோடு போட்டிருந்தாள். 'பூங்கதவே தாழ் திறவாய்', கூடப் பாடியவர் தீபன் சக்கரவர்த்தி. 'செவ்வந்திப் பூக்களில்', அதுவும் அவரோடுதான். 'கஸ்தூரி மானே', 'நீ பாதி நான் பாதி', 'ஆகாய வெண்ணிலாவே', மூன்றிலும் ஜேசுதாஸ். கடைசியாகத் 'திருப்பாச்சி'யில் இருந்து 'கண்ணும் கண்ணும்தான்'. அவளுக்குத் தெரிந்த பாட்டு அது. சின்ன வயதில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடியிருக்கிறாளாம். இது அவர் குரல் என்று அன்றைக்குத்தான் தெரியும் என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்குக் கீழேயும் படம், பாடியவர், எழுதியவர் என்று முழு விவரமும் தட்டச்சு செய்திருந்தாள்.

ஜானகி என்று அனுப்பிய ஆறு பேரில் சாரும் ஒருவர். அவர் ஒன்றும் எழுதவில்லை. 'ஆனந்த ராகம்' பாட்டின் பல்லவியை அவரே பாடி அனுப்பினார். ஸ்ருதி விலகித்தான் போகிறது, இருமல் வேறு. முடிவில் "உமா ரமணன்" என்று பெயரை மட்டும் நிதானமாகச் சொல்லியிருந்தார்.

நாளைக்கு என் முறை. 'மூன்று முடிச்சு' எடுத்து வைத்திருக்கிறேன், ஒரு அடி முடிகிற சொல்லில் அடுத்த அடி தொடங்கி அந்தாதியாகப் போகிற ஒரு பாட்டு. வீணையில் வெட்டுவதா, வயலினில் வெட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.