எட்டு கொடுத்தா ஏன் மைனஸ்ல வருது?

காலேஜ் லேப்ல இன்னமும் பழைய டர்போ சி-யை வச்சே புரோகிராம் சொல்லிக் குடுக்குறதைப் பத்தித்தான் பேச வந்தேன். அதுக்காகப் பழைய கம்ப்யூட்டர் மொழிகளைக் குறைச்சுப் பேசுற ஆள் இல்லை நான். எனக்குச் சோறு போடுறதே மெயின்ஃப்ரேம்ங்கிற பெரிய கம்ப்யூட்டரும் அதுல ஓடுற கோபோலும்தான். கோபோல் 1959-ல உருவாக ஆரம்பிச்ச மொழி. இன்னைக்கும் நாங்க ஏழாவது கட்டத்துல நட்சத்திரக் குறி போட்டுத்தான் கமெண்ட், அதாவது படிக்கிறவங்களுக்கான குறிப்பு, எழுதுறோம். 72-ஐத் தாண்டி புரோகிராம் வரி போகக் கூடாது. எல்லாம், அட்டைக்கு ஒரு வரின்னு ஓட்டை போட்டுப் புரோகிராம் எழுதின, 80 கட்டம் உள்ள பஞ்ச் கார்டு காலத்து ஏற்பாடு. முதல் ஆறு கட்டமும் வரிசை எண்ணுக்கு. கார்டுக் கட்டு கைதவறி விழுந்து கலைஞ்சுட்டா அந்த எண்ணை வச்சுத்தான் திரும்ப அடுக்கணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டப்ப அந்தக் காலத்து ஆட்கள் மேல எனக்கு மரியாதை கூடிட்டு.

1964-ல அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரியில வந்த பேசிக் மொழியில வரிகளுக்கு 10, 20, 30னு நம்பர் போடுவாங்க. நடுவுல ஒரு வரி மறந்துபோச்சுன்னா 15னு போட்டுச் சொருகிக்கலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ற லூப்புன்னா, எண்ணிக்கைக்குப் பேரா கை தானா ஐ, ஜே, கேன்னு எழுதுது பாருங்க, அது கணக்குப் புத்தகத்துல முன்னாலயே இருந்த வழக்கம். 1957-ல ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி அதை விதியாவே ஆக்கிட்டு: ஐ முதல் என் வரைக்குமான எழுத்துல பேர் தொடங்கினா, நீங்க சொல்லாட்டியும் அது முழு எண்.

இப்படி ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. காரணத்தை விட்டுட்டு பழக்கத்தை மட்டும் பிள்ளைங்க தலையில கட்டுறதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நம்ம நெல்லைப் பக்கத்துல எத்தனையோ காலேஜ் லேப்ல இன்னமும், சி மொழியில புரோகிராம் எழுதி ஓட்டுற பழைய சாஃப்ட்வேரான டர்போ சி-யோட நீலத் திரைதான். புது விண்டோஸ்ல அது நேரா ஓடாதுன்னு பழைய டாஸ் கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற டாஸ்பாக்ஸ் போட்டு ஓட்டுறாங்க. பாளையங்கோட்டையில படிக்கிற எங்க அண்ணன் மக போன மாசம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தா. "சித்தப்பா, ஃபேக்டோரியல் ஏழு வரைக்கும் சரியா வருது. எட்டு குடுத்தா மட்டும் மைனஸ்ல போவுது. மேம் கிட்ட கேட்டா சின்ன நம்பரா குடுன்னு சொல்லுதாங்க."

திரையில -25216. அவ எழுதின புரோகிராம்ல தப்பே இல்லை. எட்டு ஃபேக்டோரியல்னா ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் எல்லாத்தையும் பெருக்குறது, 40320. டர்போ சி-யில முழு எண்ணை வைக்கிற இன்ட் 16 பிட்தான், மொத்தம் 65536 எண்தான் அடங்கும், அதுல பாதி மைனஸ், அதனால 32767-க்கு மேல கொள்ளாது. தாண்டினா சுத்தி மைனஸ் பக்கம் வந்துடும்: 40320-ல 65536 போனா மிச்சம் அந்த மைனஸ் எண். பேப்பர்ல கழிச்சுக் காட்டினேன். அவ முகத்துல வந்த வெளிச்சம் இருக்கே! இதை லேப்லயே பத்து நிமிஷத்துல சொல்லியிருக்கலாம்.

அவ ரெக்கார்டு நோட்டைப் புரட்டினா எல்லாப் புரோகிராமும் வாய்ட் மெயின் (எதையும் திருப்பித் தராத மெயின்), திரையைத் துடைக்கிற கிளியர் ஸ்கிரீன், கடைசியில ஒரு கீ அமுக்குற வரைக்கும் நிறுத்தி வைக்கிற கெட்ச். போன தடவை ஓட்டின அவுட்புட் திரையிலயே கிடக்கும், அதான் கிளியர் ஸ்கிரீன். முடிஞ்ச உடனே எடிட்டருக்குத் தாவிடும், அதான் கெட்ச். ரெண்டுமே அந்த ஒரு சாஃப்ட்வேருக்கான ஒட்டுவேலை, சி மொழியில கிடையவே கிடையாது. வாய்ட் மெயினும் சரியில்லை, மெயின் இன்ட் திருப்பித் தரணும்னு 1989-லயே சி மொழிக்கு ஸ்டாண்டர்டு வந்தாச்சு. ஆனா கிளியர் ஸ்கிரீன் எழுதலைன்னு எக்ஸ்டர்னல் மார்க் குறைச்ச கதையெல்லாம் நம்ம ஊர்ல கேட்டிருக்கேன். அது அந்தப் பிள்ளைக்குச் செய்ற அநியாயம்.

தென்காசிப் பக்கம் 2011-லயே சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி வந்துட்டு. ஊரை விட்டுப் போகாமலே வேலைக்குப் போக வழி இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு மூளைக்கு என்ன குறைச்சல்? இன்டர்வியூவுல போய், கிளியர் ஸ்கிரீனுக்கும் கெட்சுக்கும் சேர்க்கிற அந்தக் கோனியோ ஹெடரைப் போட்டு முழிக்கிற நிலைமையை நாமளே உண்டாக்கக் கூடாது.

லேப் நடத்துற அக்கா, அண்ணாச்சிமாரே, வர்ற செமஸ்டருக்காவது, சி புரோகிராமை ஓட வைக்கிற இந்தக் காலத்து கம்பைலரான ஜிசிசி போடுங்க. காசு கிடையாது, பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். சிலபஸ் மாறாதுன்னு நினைச்சா டர்போவும் இருக்கட்டும், அதே ஃபேக்டோரியலை ரெண்டுலயும் ஓட்டிக் காட்டுங்க. ஜிசிசியில எட்டுக்கு ஒழுங்கா 40320 வரும், அங்க இன்ட் பெருசு, ஆனா அதுக்கும் எல்லை உண்டு, பதிமூணு குடுத்தா அங்கேயும் தப்பா வரும். ஏன்னு பிள்ளைங்களே கேக்கும். இன்ஸ்டால் பண்ண ஆள் வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, லீவுக்கு ஊருக்கு வரும்போது நானே வந்து போட்டுத் தாரேன்.