முதல் பத்து எபிசோடைத் தாண்டிவிட்டுப் பார்க்காதீர்கள்

அக்கா பையன் காலேஜ் இரண்டாம் வருஷம். அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் விஷயத்தில் எனக்கே வாத்தியார் மாதிரி பேசுவான். போன மாதம் அவனை ட்ரைகன் என்ற அனிமே தொடரைப் பார்க்கச் சொன்னேன். மூன்று எபிசோடு முடித்துவிட்டு வந்து நின்றான். "என்ன மாமா இது? ஹீரோ டோனட் சாப்பிடுறான், பொண்ணுங்க பின்னாடி அலையிறான், எவனாவது துப்பாக்கியைத் தூக்கினா ஒப்பாரி வச்சிட்டு ஓடுறான். பன்னிரண்டுலதான் கதை சூடு பிடிக்குமாமே, நேரா அங்க போயிடட்டுமா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. ட்ரைகன் பார்த்தவர்கள் பலர் கொடுக்கும் அறிவுரையே அதுதான். முதல் பாதி ஜாலி, இரண்டாம் பாதிதான் சரக்கு, பொறுமை இல்லையென்றால் தாண்டிவிடு. இந்த அறிவுரை மேல் எனக்குப் பல வருஷக் கோபம். இன்று கொட்டிவிடுகிறேன். கடைசி வரை கதையைச் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

1998 ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை டிவி டோக்கியோவில் ஓடிய தொடர் இது. மொத்தம் 26 எபிசோடு. தயாரிப்பு மேட்ஹவுஸ், இயக்கம் சதோஷி நிஷிமுரா. அதே ஏப்ரலில் அதே சேனலில் கவ்பாய் பீபாப்பும் தொடங்கியது. அதனால் இன்று வரை இரண்டையும் தராசில் போட்டு, பீபாப் பெரிய அண்ணன், ட்ரைகன் விளையாட்டுப் பிள்ளை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். எழுதட்டும். அந்த அண்ணன் நல்ல சூட் போட்டுக்கொண்டு ஜாஸ் பின்னணியில் சோகமாக இருப்பான். இந்தத் தம்பி சாக்கடையில் விழுந்து எழுந்து சிரிப்பான். சிரிக்கிறவனுக்குச் சோகம் கம்மி என்று யார் சொன்னது?

கதை நடப்பது கன்ஸ்மோக் என்ற பாலைவனக் கிரகத்தில். வானத்தில் இரண்டு சூரியன், தரையில் மணல். பூமியிலிருந்து கிளம்பி வந்து, விண்கலங்கள் விழுந்து நொறுங்கியதில் மிஞ்சியவர்களின் சந்ததிதான் அங்கே வாழ்கிறது. வாஷ் தி ஸ்டாம்பீட் அங்கே தேடப்படும் குற்றவாளி. ஜூலை என்ற நகரத்தையே தரைமட்டமாக்கியவன் என்று பெயர். தலைக்கு விலை ஆறாயிரம் கோடி டபுள் டாலர்.

சரி, இப்படி ஒருவனைப் பின்தொடர்ந்து யார் வர வேண்டும்? போலீஸ், பழிவாங்கத் துடிக்கும் தம்பி, கூலிக்கொலைகாரன். அவர்களும் வருகிறார்கள். ஆனால் தொடர் முழுக்க அவனை விடாமல் துரத்துவது இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனி பெண்கள். மெரில் குள்ளம், கறார், மேலங்கிக்குள் குட்டித் துப்பாக்கிகளின் கடையே வைத்திருப்பவள். மில்லி நெட்டை, வெள்ளந்தி, அவள் தூக்கிக்கொண்டு திரியும் துப்பாக்கி பீரங்கி சைஸ். இவன் போகிற ஊரெல்லாம் இடிந்து விழுகிறது, கிளெய்ம் குவிகிறது, ஆகவே ஆளைக் கண்காணித்துச் சேதத்தைக் குறையுங்கள் என்று ஆபீஸ் அனுப்பியிருக்கிறது.

இந்த ஒரு யோசனைக்காகவே நான் இந்தத் தொடருக்கு ஆயுள் சந்தா கட்டுவேன். வெஸ்டர்ன் படங்களில் சண்டை முடிந்ததும் ஹீரோ குதிரையேறிச் சூரியன் மறையும் திசையில் போய்விடுவான். மதுக்கடையில் உடைந்த கண்ணாடிக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே கேட்கிறார்கள். மூலக்கதையான மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸ்) எழுதி வரைந்த யசுஹிரோ நைட்டோ, இந்தத் துறைக்கு வருவதற்கு முன் அடுக்குமாடி வீடு விற்கும் வேலையில் இருந்தவர். அதனால்தான் இடிந்த வீட்டின் கணக்கு அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன். இதற்கு ஆதாரமெல்லாம் கேட்காதீர்கள்.

இதில் பெரிய தமாஷ், தேடி வந்தவன் கண்முன்னால் நின்றும் மெரில் நம்ப மாட்டாள். இந்தக் கோமாளியா அந்த வாஷ், சும்மா இரு என்பாள். பார்க்கிற நாமும் மெரில்தான். பன்னிரண்டுக்குத் தாண்டிப் போகிறவர்கள் இழப்பது இதைத்தான். அவன் யார் என்று தெரிந்துகொண்டு உள்ளே நுழைகிறார்கள். ஏமாறுவதற்குக் கிடைத்த வாய்ப்பே போய்விடுகிறது.

ஐந்தாவது எபிசோடைப் பாருங்கள். ஒரு ஊரே, கிழவி முதற்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவனைத் துரத்துகிறது. பேராசையில் அல்ல. ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரும் பிளான்ட் செத்துக்கொண்டிருக்கிறது, சரி செய்யப் பணமில்லை, இவன் தலை கிடைத்தால் ஊர் பிழைக்கும். வாஷ் மூக்கொழுக அழுதுகொண்டு சந்து சந்தாக ஓடுகிறான். முதல் தடவை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். மறுபடி பார்க்கும்போது சிரிப்பு பாதியில் நின்றது. இவ்வளவு தோட்டா பறந்த தெருவில் ஒரு பிணம் கூட விழவில்லை. இவன் பயத்தில் ஓடவில்லை, ஊர்க்காரன் ஒருத்தனும் சாகாதபடி ஓடிக்கொண்டிருக்கிறான். அழுகை நடிப்பா என்றால் அதுவும் முழுக்க இல்லை. நிஜமாகவே பயப்படுகிறான், ஆனால் தனக்காக மட்டும் அல்ல.

வுல்ஃப்வுட் என்ற பாதிரியார் வருவான். சிலுவையைச் சுமந்துகொண்டு திரிவான், சிலுவைக்குள் ஆயுதக் கிடங்கு. வந்த கொஞ்ச நேரத்திலேயே வாஷிடம் உன் சிரிப்பு வெறுமையாக இருக்கிறது, பார்க்கவே வலிக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். எட்டு எபிசோடாக நாம் கவனிக்காததை எட்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தவன்.

நமக்கு காமெடி டிராக் என்று தனியாக எழுதி ஒட்டிய படங்களைப் பார்த்துப் பழக்கம். கதை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம், டிவியில் போடும்போது காமெடியை மட்டும் வெட்டிப் போட்டாலும் ஒன்றும் குறையாது. அந்தக் கண்ணோடு ட்ரைகனைப் பார்த்தால் கோமாளித்தனத்தை வெட்டிவிடலாம் போலத்தான் தோன்றும். வெட்டினால் 24-ஆவது எபிசோடு செத்துவிடும்.

லெகாட்டோ என்ற வில்லன் மனிதர்களின் உடலைத் தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைப்பவன். மெரில், மில்லி இருவரையும் கொல்ல ஊர் மக்களையே ஏவி நிறுத்திவிட்டு, என்னைச் சுடு, இல்லையென்றால் இவர்கள் சாவார்கள் என்கிறான். வாஷ் சுடுகிறான். அவ்வளவுதான் சம்பவம். ஒரு வில்லன் செத்தான். வேறெந்த வெஸ்டர்னாக இருந்தாலும் தியேட்டரில் விசில் பறக்கும் இடம். இங்கே எழவு வீடு மாதிரி இருக்கிறது. ஏனென்றால் இத்தனை எபிசோடாக அவன் அழுதது, ஓடியது, காலில் விழுந்தது, கேவலப்பட்டது எல்லாம் இந்த ஒரு குண்டைச் சுடாமல் இருப்பதற்காக. அந்தக் கோமாளித்தனத்தைப் பார்க்காதவனுக்கு இங்கே என்ன போனது என்றே தெரியாது.

குறை இல்லையா? நிறைய. பெண்கள் பின்னால் அலையும் ஜோக்குகள் இன்று பல்லிளிக்கின்றன, அதில் அக்கா பையன் சொன்னது நியாயம். நடுவில் வில்லன் கோஷ்டி ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராக வந்து அடி வாங்கிப் போகிறது. வாஷின் அன்பு, அமைதி பிரசங்கம் சில இடங்களில் அலுக்கும். உயிரோடு இருக்கும் எதிரியால் நாளை நூறு பேர் சாவார்களே என்று வுல்ஃப்வுட் கேட்கும்போது அவனிடம் உருப்படியான பதிலும் இல்லை. வாஷின் இரட்டைச் சகோதரனும் பெரிய வில்லனுமான நைவ்ஸுடன் கடைசிச் சண்டை சட்டென்று முடிந்துவிடுகிறது. மாங்கா 2007 வரை ஓடியது, இவர்கள் 1998-லேயே முடிவைத் தாங்களாகக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு இது பரவாயில்லை என்பேன்.

அப்புறம் 2023-ல் இதே கதையைப் புதிதாக எடுத்து வந்த ட்ரைகன் ஸ்டாம்பீட். ஆரஞ்சு ஸ்டூடியோவின் சிஜி (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) வேலை. பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். சிஜி பற்றிப் புலம்பியவர்கள் கட்சியில் நான் இல்லை, சண்டைக் காட்சிகள் பிரமாதம். என் வருத்தம் வேறு. மெரிலை நிருபர் ஆக்கிவிட்டார்கள். மில்லியின் இடத்தில் ஒரு குடிகாரப் பத்திரிகைக்காரர். இன்சூரன்ஸ் போயே போய்விட்டது. வாஷ் முதலிலிருந்தே துக்கம் சுமக்கும் முகத்தோடு வருகிறான், ஆகவே நாமும் முதலிலிருந்தே அவன்மேல் இரக்கப்படுகிறோம். நல்ல தொடர்தான். ஆனால் பழைய வாஷைப் பார்த்து நான் முதலில் இரக்கப்படவில்லை, எரிச்சல்பட்டேன். பிறகுதான் வெட்கப்பட்டேன்.

அக்கா பையனிடம் இவ்வளவு நீளமாகப் பேசவில்லை. வரிசையாகப் பார், வாயை மூடிக்கொண்டு பார் என்றேன். முந்தாநாள் ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ். "மாமா, 23 முடிச்சிட்டேன். பாதிரியார் போயிட்டாரு. 24 இப்பவே பார்க்கவா, நாளைக்கா?" நாளைக்குப் பார், தூங்கு என்று போட்டேன்.

கேட்கிற பையனா அவன். இரண்டு மணிக்கு ஒரே ஒரு வரி வந்திருந்தது. "திரும்ப முதல் எபிசோடு போட்டிருக்கேன் மாமா."