கவரும் பத்திரமும்

போன தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ராத்திரி பத்தரை மணி இருக்கும். எங்கள் தெருவுக்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கையில் ஜெராக்ஸ் எடுத்த வாக்காளர் பட்டியல், இன்னொருவன் கையில் செல்போன் டார்ச். "வீட்டுல நாலு ஓட்டுதானக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான், ஓட்டுப் போட வரமாட்டான் என்று அந்த அக்கா வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். உடனே பேனாவை எடுத்து அவன் பெயருக்கு நேராக ஒரு கோடு. மூன்று பேருக்கான கவர்தான் கைக்கு வந்தது. அப்படி ஒரு துல்லியமான கணக்கு!

மறுநாள் முகநூலைத் திறந்தால் "ஐந்நூறுக்கு ஓட்டை விற்கும் ஜனங்கள் இருக்கும்வரை நாடு உருப்படாது" என்று வரிசையாகப் பதிவுகள். நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவன்தான். 2024 மார்ச்சுக்குப் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

தேர்தல் பத்திரத்தைச் சொல்கிறேன். வங்கியில் காசு கொடுத்துப் பத்திரம் வாங்கி, கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைத் திட்டம் அது. 2017 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்தார். 2018 முதல் ஸ்டேட் வங்கி விற்றது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து மதிப்புகளில் பத்திரம் இருந்தது. ஆனால் விற்ற தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு கோடி ரூபாய் பத்திரங்கள்தான். ஆயிரம் ரூபாய் பத்திரம் யாருக்காக அச்சடித்தார்களோ!

அதற்கு முன்பு ஒரு கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம். அந்த வரம்பையும் அதே 2017இல் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டவும் வேண்டாம் என்றாகிவிட்டது. நஷ்டத்தில் இருப்பவன் எதற்காகக் கட்சிக்குப் பணம் கொடுக்கிறான் என்று டீக்கடையில் கேட்டால்கூடப் பதில் சொல்லிவிடுவார்கள்.

ரகசியம், ரகசியம் என்றார்களே, அதுவும் முழு ரகசியம் இல்லை. 2018இலேயே ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய் பத்திரம் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற ஊதா ஒளியில் அதன் மூலையில் ஒரு எண் தெரிந்தது. பத்திரத்துக்குப் பத்திரம் வேறு எண். போலியைத் தடுக்கத்தான் அது என்றார்கள். சரி. ஆனால் யார் வாங்கியது, எந்தக் கட்சி பணமாக மாற்றியது என்ற விவரம் அரசு வங்கியிடம் இருந்தது. ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தையே ரத்து செய்தது. விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது வங்கி. நீதிமன்றம் விடவில்லை. மார்ச் 14 அன்று பட்டியல் வந்தது. ஒரு வாரம் கழித்து, யார் யாருக்குக் கொடுத்தது என்று பொருத்திப் பார்க்க உதவும் அந்த மறைவு எண்களும் வந்தன.

பத்திரம் வாங்கியவர்களில் முதலிடத்தில் நம்ம கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி. தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரிக்குத் தடை. என் பெரியப்பா ஒரு சீட்டு வாங்க பஸ் ஏறி, கேரள எல்லையில் இருக்கும் வாளையார் தாண்டிப் போவார். ஆனால் அந்தக் கம்பெனியின் பணத்துக்கு எந்தச் செக்போஸ்ட்டும் இல்லை. மேற்கு வங்கத்தின் திரிணாமூல் காங்கிரசுக்கு 540 கோடிக்கு மேல், திமுகவுக்கு 509 கோடி, பாஜகவுக்கு 100 கோடி. திமுக தன் கணக்கில் கொடுத்தவர் பெயரைச் சொல்லியிருந்தது. பெரிய கட்சிகளில் பல அதைக்கூடச் செய்யவில்லை. எல்லாருடைய பத்திரங்களையும் சேர்த்தால் அதிகப் பணம் பெற்ற கட்சி பாஜக, வெளியான பட்டியல்படி 6,000 கோடிக்கு மேல். எதற்குக் கைமாறாக எது நடந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் நேரெதிராக நிற்கும் கட்சிகளுக்கு ஒரே கையால் அள்ளிக் கொடுப்பதைக் கொள்கைப் பற்று என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது.

சில்லறைக்குத் தண்டனை உண்டு. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களை நிறுத்தினார்கள், 2017இல் ஆர்.கே.நகர், 2019இல் வேலூர். எல்லாம் பணப் பட்டுவாடா புகார்தான். மொத்த வியாபாரத்தில்? சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்த பிறகும், அதுவரை மாற்றிய பத்திரப் பணத்தை எந்தக் கட்சியும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பணத்தோடுதான் அடுத்த இரண்டே மாதத்தில் மக்களவைத் தேர்தலுக்கு வந்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இன்னும் அந்த நாலாவது கவரைப் பற்றித்தான் புலம்பிக்கொண்டிருக்கிறார். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் தம்பி" என்கிறார்.